யாரும் திரும்பிப் பாக்காத சி4 கார்வெட்: கால் மைல் ஓட்டுறவங்க சந்தேகங்கள் (கேள்வி பதில்)

சி4ன்னா செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரோட நாலாவது தலைமுறை, கால் மைல்னா ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நின்னு நேர்கோட்டுல ஓட்டுற ட்ராக் (drag) ரேஸ். மொதல்ல என் கதை ரெண்டு வரி. என்கிட்ட இருக்குறது 1993 கூபே, எல்டி1 இன்ஜின், ஆட்டோமேட்டிக். ரொம்ப வருஷமா இதே வண்டியத்தான் ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போறேன், அதனால கேட்டதுல எனக்கு கை வச்சுத் தெரிஞ்சதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கே: அண்ணா, சி4 வாங்கப் போறேன்னு சொன்னா பசங்க சிரிக்கிறாங்க. அவ்ளோ மோசமா அந்த வண்டி?

சிரிக்கட்டும் தம்பி, அவங்க சிரிக்கிறதாலதான் நமக்கு சல்லிசா கிடைக்குது. முந்தின தலைமுறை சி3க்கு அந்த வளைவு நெளிவு அழகு இருக்கு, 1997ல வந்த அடுத்த தலைமுறை சி5க்கு எல்எஸ்1 இன்ஜின் இருக்கு, நடுவுல 1984 மாடல்ல இருந்து 1996 வரைக்கும் ஓடுன இது ரெண்டுக்கும் இடையில மாட்டிக்கிச்சு. மொத வருஷ வண்டியில வெறும் 205 குதிரை, டிஜிட்டல் டாஷ் வேற, அந்தப் பேரு இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு. ஆனா இதே உடம்ப வச்சுத்தான் காலவேங்கிற ட்யூனிங் கம்பெனி ட்வின் டர்போ போட்டு 1988ல மணிக்கு 254.76 மைல் ஓட்டினாங்க, ஸ்லெட்ஜ்ஹாமர்னு பேரு. சிரிக்கிறவங்ககிட்ட அத சொல்லிப் பாருங்க.

கே: எல்98 இன்ஜின் நல்லதா எல்டி1 நல்லதா? ரெண்டும் 350 கன அங்குலம்தானே ப்ரோ?

ரெண்டும் 5.7 லிட்டர்தான், குணம் வேற. 1985ல இருந்து 91 வரைக்கும் வந்த எல்98ல இன்டேக் ரன்னர் நீளமா, ஒல்லியா இருக்கும். கீழ டார்க் அள்ளிக் கொட்டும், சிக்னல்ல இருந்து கிளம்பினா முதுகு சீட்ல ஒட்டிக்கும், ஆனா 4500 ஆர்பிஎம் தாண்டினா மூச்சு முட்டிடும். அது தெரியாம 5500 வரைக்கும் மிதிச்சுப் புடிச்சுட்டு வண்டி போகமாட்டேங்குதுன்னு புலம்புறவங்கள நெறைய பாத்துட்டேன், 4800லயே கியர மாத்துங்க, செலவே இல்லாம டைம் குறையும். 92ல வந்த எல்டி1ல 300 குதிரை, மேல வரைக்கும் இழுக்கும். ட்ராக்தான் குறின்னா எல்டி1. ஊர் சுத்தத்தான்னா எல்98 தான் ஜாலி, இத சொன்னா எல்டி1 ஆளுங்க சண்டைக்கு வருவாங்க, பரவால்ல.

கே: சார், 94 ஆட்டோமேட்டிக். இன்டேக், எக்ஸாஸ்ட், ட்யூன் எல்லாம் பண்ணியாச்சு, கால் மைலுக்கு இன்னும் 13.9 செகண்ட் தான் வருது. அடுத்து ஹெட்டும் கேமும் மாத்தலாமா?

இருங்க சார், கைய பாக்கெட்ல இருந்து எடுங்க. ஓட்டம் முடிஞ்சதும் குடுக்குற டைம் ஸ்லிப்ப எடுத்து அறுபது அடி டைம் (கிளம்பின மொத அறுபது அடிக்கு ஆன செகண்ட்) என்னன்னு பாருங்க. என் வண்டி மொத தடவை போனப்ப அறுபது அடி 2.15, மொத்தம் 13.98, கடைசியில வேகம் 100 மைல். வேகம் நல்லாத்தான் இருக்கு, அப்படின்னா இன்ஜின்ல கொறை இல்ல, கிளம்புற எடத்துலதான் தூங்குது. ஏன் தூங்குதுன்னா கம்பெனி ஆட்டோமேட்டிக் வண்டிக்கு பின் ஆக்ஸில்ல குடுத்த கியர் விகிதம் 2.59, ஆப்ஷன் எடுத்திருந்தா 3.07. ஹைவேல பெட்ரோல் மிச்சம் புடிக்கிற கியர் சார் அது, அதுக்கு மேல கம்பெனி டார்க் கன்வர்ட்டரும் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்குறது) கம்மி ஆர்பிஎம்லயே பிடிச்சுக்கும், இன்ஜின் பவர் வர்ற ஆர்பிஎம்முக்குப் போறதுக்குள்ள பக்கத்து லேன்காரன் போயே போயிட்டான்.

நான் பண்ணினது ரெண்டே விஷயம். 2800 ஸ்டால் கன்வர்ட்டர் (இன்ஜின 2800 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தவிட்டு அப்புறம் பிடிக்கிறது), பின்னாடி 275/40 பதினேழு இன்ச் ட்ராக் ரேடியல், அதாவது தரைய நல்லா பிடிக்கிற ரேஸ் டயர். இன்ஜின்ல ஒரு போல்ட் கூட தொடல. அறுபது அடி 1.84க்கு வந்துச்சு, மொத்தம் 13.46, கடைசி வேகம் பாத்தா 101, அதாவது அப்படியேதான் இருக்கு. பொதுவா அறுபது அடியில பத்துல ஒரு பங்கு செகண்ட் குறைச்சா கடைசியில ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் திரும்பக் கிடைக்கும். ஹெட், கேம் எல்லாம் அப்புறம் சார், அந்தப் பவர தரையில எறக்க வழி இல்லாம வாங்கி என்ன பண்ணப் போறீங்க. கன்வர்ட்டர் மாத்தறப்பவே நல்லதா ஒரு ட்ரான்ஸ்மிஷன் கூலரும் போட்டுடுங்க, மறந்துடாதீங்க.

கே: என் வண்டியில ஆறு ஸ்பீடு இசட்எஃப் மேனுவல் கியர்பாக்ஸ். ஸ்லிக் (பள்ளம் இல்லாத வழவழ ரேஸ் டயர்) போட்டு 4000ல க்ளட்ச்ச விட்டா பின்னாடி ஒடையும்னு பயமுறுத்துறாங்க, நிஜமா?

நிஜம்தான், ஆனா உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு. மேனுவல் வண்டிக்கு பின் டிஃபரன்ஷியல் டானா 44, ஆட்டோமேட்டிக்குக்கு அதவிட சின்னதான டானா 36. உங்களுது 44, அது தாங்கும். நான் பயப்படுறது டிஃப்புக்கு இல்ல, அதுல இருந்து சக்கரத்துக்குப் போற தண்டான ஹாஃப் ஷாஃப்ட்டுக்கு. இந்த வண்டியில பின் சஸ்பென்ஷன் தனித்தனி, அதுல ஹாஃப் ஷாஃப்ட் சக்கரத்த சுத்துறது மட்டும் இல்ல, சக்கரத்த மேல்பக்கம் நேரா புடிச்சு வைக்கிற லிங்க்கும் அதேதான். அதோட முனையில இருக்குற யூ-ஜாயின்ட் போச்சுன்னா டிரைவ் மட்டும் போகாது, சக்கரமே சாஞ்சுக்கும். நூறு மைல் வேகத்துல அது நடந்தா என்னாகும்னு நான் சொல்லணுமா.

அதனால ஒவ்வொரு தடவை போறதுக்கு முன்னாடியும் வண்டிக்கடியில டார்ச்சோட படுங்க. ரெண்டு பக்கமும் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, மொத்தம் நாலு யூ-ஜாயின்ட். கப்போட ஓரத்துல துரு கலர்ல, செங்கல் பொடி மாதிரி நைஸா படிஞ்சிருக்கா பாருங்க. இருந்தா உள்ள ஊசி பேரிங் கிரீஸ் இல்லாம காஞ்சு அரைபடுதுன்னு அர்த்தம், கையால ஆட்டிப் பாத்தா ஆட்டம் தெரியாது, அந்தப் பொடிதான் மொதல்ல காட்டிக் குடுக்கும். கிரீஸ் நிப்பிள் இல்லாத சாலிட் டைப் வாங்கி நாலையும் மாத்திடுங்க. லாஞ்ச்ல பின்பக்கம் தடதடன்னு குதிச்சா உடனே காலை எடுத்துடணும், சமாளிச்சு ஓட்டிடலாம்னு மிதிக்கிற அந்த அரை செகண்ட்லதான் எல்லாமே ஒடையுது.

கே: ஆப்டிஸ்பார்க் ஆப்டிஸ்பார்க்னு எல்லாரும் பயப்படுறாங்களே, அது என்ன பூதம்?

எல்டி1 டிஸ்ட்ரிபியூட்டர்தான். இன்ஜின் முன்பக்கம், கரெக்டா வாட்டர் பம்ப்புக்குக் கீழ வச்சிருக்காங்க, யார் யோசனையோ தெரியல. உள்ள 360 துளை போட்ட தகடு, அத ஒளியால எண்ணித்தான் ஸ்பார்க் நேரத்த கணக்கு பண்ணுது, ஈரம் பட்டா எண்ணிக்கை தப்பிடும். பம்ப் கசிஞ்சா நேரா அது தலையிலதான் சொட்டும். என்னுது ஒரு ஒர்க்ஷாப்ல பம்ப் மாத்தக் குடுத்தேன், கூலன்ட்ட ஒழுங்கா வடிக்காம கழட்டி எல்லாத்தையும் அதுமேல ஊத்திட்டு ஒண்ணும் சொல்லாம வண்டிய குடுத்துட்டாங்க, மூணாம் நாள் 3000 ஆர்பிஎம்ல டப் டப்னு அடைச்சுக்கிச்சு. பம்ப்ல ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சாலே மாத்துங்க, மாத்தறப்ப ஆப்டிய பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுங்க, இன்ஜின் பே-ல தண்ணி பீச்சிக் கழுவாதீங்க. பூதம் எல்லாம் இல்ல, கொஞ்சம் சளி புடிக்கிற உடம்பு, அவ்ளோதான்.

கே: கன்வர்ட்டிபிள் வச்சிருக்கேன், ரோல் பார் (வண்டி கவுந்தா தலைய காப்பாத்துற கம்பி) கட்டாயமா?

என்எச்ஆர்ஏ (அமெரிக்க ட்ராக் ரேஸ் சங்கம்) விதிப்படி 13.49 செகண்ட் இல்ல அதவிட வேகமா போனா கன்வர்ட்டிபிளுக்கு கட்டாயம். கூரை உள்ள வண்டிக்கு 11.50 வரைக்கும் விட்டுவைப்பாங்க. மேல சொன்ன கன்வர்ட்டர், டயர் ரெண்டும் போட்டாலே நீங்க அந்தக் கோட்டத் தொட்டுடுவீங்க, அதனால ஸ்டால் வாங்குறதுக்கு முன்னாடி பார் பத்தி யோசிங்க. 13.99 இல்ல அதவிட வேகமா போனா ஹெல்மெட் எல்லாருக்கும்.

கே: 100 ஷாட் நைட்ரஸ் (100 குதிரை கூட்டுற வாயு) போடலாமா?

போடலாம். ஸ்பார்க் டைமிங்க அம்பது குதிரைக்கு ரெண்டு டிகிரின்னு பின்னாடி தள்ளுங்க, பெட்ரோல் பம்ப் தாங்குமான்னு மொதல்ல பாருங்க. டானா 36ஓட லாஞ்ச்லயே பட்டன அமுக்காதீங்க, வண்டி உருண்டதுக்கப்புறம்.

கே: எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு எல்எஸ் இன்ஜின் வச்சா என்ன?

இன்ஜின் செத்துப்போச்சுன்னா தாராளமா வைங்க. நல்லா ஓடுற எல்டி1ஐ எறக்கிட்டு வைக்கிறது எனக்கு மனசு ஒப்பல. வயரிங், மவுன்ட், ஹெடர்னு ஒரு சீசன் போயிடும், நெறைய பேர் வண்டி பாதியிலயே ஷெட்ல தூங்குது. அப்படியே முடிச்சாலும் பின்னாடி அதே 2.59 கியர்தானே இருக்கும்!

கே: அண்ணே, அடுத்த வாரம் மொத தடவை போறேன். எப்படி நிக்கணும், என்ன பண்ணணும் ஒண்ணுமே தெரியாது.

சாதா ரோட் டயர்னா, ரேஸ் டயர சுத்தி சூடாக்கறதுக்காக தண்ணி தெளிச்ச எடத்துக்குள்ள போகாம சுத்திப் போங்க, இல்லன்னா டயர் பள்ளத்துல தண்ணி ஏறி கோட்டுக்கே கூட வந்துடும். மொத லைட் எரிஞ்சதும் அங்குலம் அங்குலமா ஊர்ந்து ரெண்டாவது லைட் எரிஞ்ச உடனே நிறுத்துங்க, அதுக்கு மேல உருளாதீங்க. பச்சைக்கு நீங்க லேட்டா கிளம்பினாலும் உங்க ஓட்ட டைம் அதிகமாகாது, சக்கரம் அந்த ஒளிய விட்டு நகந்தாத்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அதனால பதட்டம் வேணாம். ஸ்பேர் வீல், டூல், பின்னாடி கெடக்குற குப்பை எல்லாத்தையும் எறக்கி வச்சுடுங்க. அப்புறம் லேனுக்கு வர்றதுக்கு நெறைய முன்னாடியே ஏசிய அணைச்சுடுங்க, நான் மொத தடவை மறந்துட்டு கோட்டுல தண்ணி சொட்டவிட்டு, அத்தன பேர் முன்னாடி திருப்பி அனுப்பிட்டாங்க.