அப்பாவுக்குக் கெட்ட கொழுப்பு அதிகம். செக்கு எண்ணெய்க்கு மாறினால் குறையுமா?

அப்பாவின் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 160-ஐத் தாண்டிவிட்டது, ரீஃபைண்ட் எண்ணெயை விட்டுச் செக்கு எண்ணெய்க்கு மாறலாமா, நெய்யை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் எங்கள் வீட்டில் ஓடியதும் இதே கேள்விதான்.

அம்மாவுக்கு எல்டிஎல் 168 என்று வந்ததும், சூரியகாந்தி எண்ணெயை நிறுத்திவிட்டு, மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்கினோம். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நல்ல எண்ணெய்தானே என்று கையும் தாராளமாகிவிட்டது. குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் அம்மாவுக்குச் சமைத்த திருப்தி. நாலு மாதம் கழித்துப் பரிசோதித்தால் 166.

அப்புறம் பார்த்த உணவு ஆலோசகர், எந்த எண்ணெய் என்று முதலில் கேட்கவே இல்லை. "வீட்ல எத்தனை பேரும்மா? மாசம் எத்தனை லிட்டர் வாங்குறீங்க?" என்றார். நாலு பேர், 5 லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி சாப்பாட்டுக்குச் சொல்லும் அளவு 27 கிராம்தான். அதாவது நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். இதில் சாயங்காலம் கடையில் வாங்கும் வடையும் பரோட்டாவும் சேரவில்லை. செக்கோ ரீஃபைண்டோ, ஒரு கிராமுக்கு 9 கலோரி.

அதற்காக எல்லா எண்ணெயும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. எல்டிஎல்லை ஏற்றுவதில் நிறைவுற்ற கொழுப்புக்கு (சாச்சுரேட்டட் ஃபேட்) பெரிய பங்கு உண்டு. அது தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல், பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20 சதவீதத்துக்குள், சூரியகாந்தியில் இன்னும் குறைவு. தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பையும் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை. ஆனால் கெட்டதையும் சேர்த்தே கூட்டுகிறது, அதனால் அப்பாவுக்கு அன்றாட எண்ணெயாக அது வேண்டாம். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கொலஸ்ட்ரால் பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் இருப்பது. பாமாயிலிலும்தான் அது இல்லை.

சரி, செக்கா ரீஃபைண்டா? செக்கில் மணம் தங்கும், வைட்டமின் ஈ அதிகம் மிஞ்சும். சுத்திகரிக்கும்போது 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாடையை நீக்குவதால் அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆனால் கொழுப்பின் சேர்மானம் பெரிதாக மாறாது, எல்டிஎல்லுக்கு முக்கியம் அதுதான். இன்னொன்றையும் யோசியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு எண்ணெயிலும் வரும். சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் நீங்காது. அதனால் நாங்கள் செக்குக்கே போய், ஆட்டப்போகும் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம். கருப்பட்டி போட்டு எள் ஆட்டும்போது வரும் வாசனைக்காகவே அம்மாவும் கூட வருவார்.

எண்ணெய் எது என்பதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது சுட்ட எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி, திங்கள் அப்பளம் பொரித்து, மிச்சத்தைப் புது எண்ணெயோடு கலப்பது எங்கள் வீட்டிலும் பழக்கமாக இருந்தது. திரும்பத் திரும்பக் காய்ந்தால் எண்ணெய் சிதைந்து, உடலுக்குக் கேடான பொருட்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். இப்படிச் சிதைவதால் உண்டாகும் 'மொத்த துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்து, காயும்போது நுரைத்து, பிசுபிசுப்பும் சிக்கு வாடையும் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இப்போது நாங்கள் சின்ன இருப்புச்சட்டியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரிக்கிறோம். மிஞ்சுவது அடுத்த நாள் தாளிப்போடு தீர்ந்துவிடுகிறது.

மாதம் மூன்றரை லிட்டரை முதல் தேதியே தனியாக எடுத்து வைத்துவிடுவோம். தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிறோம். குழம்புக்கு டீஸ்பூன் கணக்கு. முதல் மாதம் 24-ஆம் தேதியே தீர்ந்துபோய் வீட்டில் சண்டை வந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து சரியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து அம்மாவின் எல்டிஎல் 141. தினமும் 40 நிமிடம் நடக்கவும் ஆரம்பித்திருந்தார், ஆகவே எல்லாம் எண்ணெயால்தான் என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால், இதை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.

நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அம்மாவுக்குப் பருப்புச் சோற்றில் ஒரு டீஸ்பூன் நெய் இல்லாமல் சாப்பாடு இறங்காது. அதை நிறுத்தவில்லை, அன்றைய 27 கிராமில் கழித்துக்கொள்கிறோம்.