முதல்ல வயல், அப்புறம்தான் ஆலை

கேள்வி: தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்துல முதல்ல வந்துச்சு? இந்தியாவுல இருந்து அள்ளிட்டுப் போன பணத்துலதான் எல்லாம் நடந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: அள்ளிட்டுப் போனது உண்மை, அதுல ரெண்டு பேச்சே கிடையாது. ஆனா ஆரம்பம் அது இல்லங்க. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்துல ஜெயிச்சு அந்த அள்ளலுக்கு வழி திறந்த பிளாசி சண்டை நடந்தது 1757ல. ஆபிரகாம் டார்பிங்கற இரும்புத் தொழில்காரர் இங்கிலாந்துல கோல்புரூக்டேல்ங்கற ஊர்ல மரக்கரிக்குப் பதிலா நிலக்கரியில இருந்து எடுத்த கோக்கைப் போட்டு இரும்பு உருக்கினது 1709லயே, நியூகோமன்ங்கறவரு செஞ்ச நீராவி இன்ஜின் ஓடினது 1712ல. அதனால காரணத்தை அதுக்கும் முன்னாடி போய்தான் தேடணும், என்னைக் கேட்டா வயல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

முன்னாடியெல்லாம் அங்க நிலத்துல ஒரு பகுதியை வருஷாவருஷம் தரிசா போட்டுடுவாங்க, மண்ணு தேறணுமேன்னு. இங்கிலாந்துக்குக் கிழக்கால இருக்குற நார்ஃபோக் பக்கம் பரவுன முறையில தரிசே கிடையாது, கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் செடின்னு நாலு வருஷச் சுற்று. டர்னிப்பும் குளோவரும் ஆடுமாட்டுக்குத் தீவனம், தீவனம் கூடுனா ஆடுமாடு கூடும், டர்னிப் வயல்லயே ஆட்டுக்கிடை போட்டா எரு நேரா மண்ணுக்கே போயிடும், குளோவர் வேரு காத்துல இருக்குற நைட்ரஜனை மண்ணுல சேர்க்கும். இந்தக் கடைசிக் காரணம் அன்னைக்கு ஒரு விவசாயிக்கும் தெரியாது, அடுத்த போகம் நல்லா வருதுங்கறது மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்படியே போய் 1800 வாக்குல உழைக்கிறவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஆளுங்களே விவசாயத்துல இருந்தாங்க. மிச்ச ஆளுங்க வேற தொழிலுக்குப் போனாலும் பெரும்பாலும் நாட்டுக்குள்ளயே விளைஞ்ச சோத்தை வச்சு ஓட்ட முடிஞ்சுது, அதுதான் பெரிய விஷயம்.

அடுத்தது நிலக்கரி. விறகு விலை ஏற ஏற லண்டன் ஜனங்க நியூகாசில்ல இருந்து கப்பல்ல வர்ற கரிக்கு மாறிட்டாங்க, சுரங்கம் ஆழமாச்சு, ஆழமானா தண்ணி ஊறும். அதை இறைக்கத்தான் நியூகோமன் இன்ஜின். சிலிண்டருக்குள்ள நீராவியை விட்டு, அதுக்குள்ளயே பச்சைத்தண்ணியைப் பீச்சுனா ஆவி சட்டுனு தண்ணியாகி உள்ள வெற்றிடமாயிடும், வெளிக்காத்து பிஸ்டனை அமுக்கும், மறு முனையில பம்பு கம்பி மேல வரும். கரியை அநியாயத்துக்குத் தின்னும் அந்த இன்ஜின். ஆனா சுரங்க வாசல்ல விக்காத கழிவுக்கரிதான் குவிஞ்சு கிடக்குமே, அதனால கட்டுப்படியாச்சு. கூலி அதிகம், கரி மலிவு, அப்ப மெஷின் வாங்குனா லாபம். கூலி மலிவா இருக்குற இடத்துல இதே இன்ஜினைக் கொண்டு வச்சா நஷ்டம்தான்.

இந்தியாவுக்கு இதுல பங்கு உண்டு, துணி வழியா. இந்தியப் பருத்தித் துணி மேல அங்க அவ்ளோ மோகம், கம்பளித் துணி நெய்யுறவங்க போராடி 1700லயும் 1721லயும் தடைச் சட்டம் கொண்டு வந்தாங்க. அந்தத் தடைக்குள்ளதான் உள்ளூர் பருத்தித் தொழில் வளர்ந்துச்சு. பின்னாடி ஆலைக்குப் போன பஞ்சுல பெரும்பகுதி கரீபியன் தீவுகள்லயும் அமெரிக்காவுலயும் அடிமைங்க உழைச்சு விளைஞ்சது, இதை விட்டுட்டு அந்தக் கதையைச் சொல்லவே கூடாது.

கேள்வி: நிலத்தைச் சுத்தி வேலி போட்டதால விரட்டப்பட்ட விவசாயிங்கதான் மில்லுக்குப் போனாங்கன்னு படிச்சேன். சரியா?

பதில்: பாதி சரி. 1750ல இருந்து 1850 வரைக்கும் பார்லிமென்ட் ஆயிரக்கணக்குல வேலியடைப்புச் சட்டம் போட்டுச்சு. ஒரு பசுவை மேய்க்க, அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கன்னு ஏழைங்க அண்டியிருந்த பொது நிலம் ஒரே கையெழுத்துல தனியார் நிலமாச்சு, பத்திரம் இல்லாதவங்களுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்கல. இது அநியாயம்தான், விளைச்சல் கூடுச்சேன்னு சொல்லி நியாயப்படுத்த நான் தயாரா இல்ல. ஆனா வேலி கட்ட, வாய்க்கா வெட்ட, களை எடுக்கன்னு அங்கயும் ஆளு தேவைப்பட்டுச்சு, அதே காலத்துல ஜனத்தொகையும் வேகமா ஏறுச்சு. கிராமத்துல பிழைப்பு இல்லாத அடுத்த தலைமுறைதான் நிறைய பேரு ஆலைக்கு வந்தது, முக்கியமா பொம்பளைங்களும் சின்னப் புள்ளைங்களும்.

கேள்வி: முதல் பஞ்சாலைங்க நீராவியிலயா ஓடுச்சு?

பதில்: இல்லங்க. ரிச்சர்ட் ஆர்க்ரைட்ங்கற தொழிலதிபர் 1771ல இங்கிலாந்துல கிராம்ஃபோர்டுங்கற ஊர்ல ஆரம்பிச்ச பஞ்சாலை தண்ணிச் சக்கரத்துல ஓடுனது. நியூகோமன் இன்ஜின் மேலயும் கீழயும்தான் போகும், அதை வச்சு ஆலைச் சக்கரத்தைச் சீரா சுத்த வைக்கிறது கஷ்டம். ஜேம்ஸ் வாட் 1780கள்ல சக்கரத்தைச் சுத்த வைக்கிற நீராவி இன்ஜினைக் கொண்டு வந்தப்புறம்தான் ஆத்தங்கரை இல்லாத ஊர்லயும் ஆலை வைக்க முடிஞ்சுது.