பாரிஸா, சுவிஸா, இரண்டுமா?

கேள்வி: மே கடைசியில் குடும்பத்தோடு ஐரோப்பா போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், 14 வயது மகன், 9 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சைவம் மட்டுமே சாப்பிடுவார். கையில் இருப்பது 10 இரவுகள். சுவிட்சர்லாந்து ஒன்றே போதும் என்கிறார் மனைவி. மகனுக்குப் பாரிஸ் போயே ஆகவேண்டும். டிராவல்ஸ்காரரோ அதே நாட்களுக்குள் ஆறு நாடு காட்டுகிறேன் என்கிறார். இவ்வளவு பணம் போட்டுப் போய்விட்டு ஒரே நாட்டைப் பார்த்துத் திரும்புவது நஷ்டம் இல்லையா?
– கோவை வாசகர்

பதில்: முதலில் அந்த ஆறு நாட்டுப் பட்டியலை எடுங்கள். அதில் லிச்டென்ஸ்டைன் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். நாடு முழுவதும் சேர்த்து 160 சதுர கிலோமீட்டர்தான். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் இருப்பதால், போகிற வழியில் வாடூஸ் ஊரில் பஸ்ஸை நிறுத்தி அரைமணி நேரம் இறக்கிவிட்டால் ஒரு நாடு கணக்கில் ஏறிவிடும். இத்தாலி போகும் பயணம் என்றால் வாடிகனும் தனி நாடு. அடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று போட்டிருக்கிறதா, 'போட்டோ ஸ்டாப்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பஸ் நிற்கும், நீங்கள் வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஹோட்டலின் பெயரையும் கேளுங்கள். 'பாரிஸில் 2 இரவு' என்று அச்சடித்திருப்பார்கள், ஹோட்டல் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும். இரவு சாப்பிட்டுவிட்டு ஈபிள் விளக்குகளைப் பார்த்து வரலாம் என்ற ஆசை அங்கேயே முடிந்தது.

முழங்கால் வலிக்கிற 68 வயது அம்மாவைத் தினம் காலை ஏழு மணிக்கு பஸ் ஏற்றுகிற பயணம் உங்களுக்கு வேண்டாம். ஆறு நாடு என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி ஒன்றா, இரண்டா? செலவும் களைப்பும் நாட்டின் எண்ணிக்கையால் கூடுவதில்லை, எத்தனை தடவை பெட்டி கட்டுகிறீர்கள் என்பதால்தான் கூடும். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இரண்டுமே ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள். ஒரே விசா, ஒரே கட்டணம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 யூரோ. மகனுக்கு 14 ஆகிவிட்டதால் முழுக் கட்டணம், ஆக உங்கள் ஐந்து பேருக்கும் 405 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஒரு நாடு போனாலும் ஐந்து நாடு போனாலும் இந்தத் தொகை மாறாது.

மாறுவது நாள் கணக்கு. ஊர் மாறுகிற நாளை யோசியுங்கள். காலை பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். புது ஹோட்டலில் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் ரயில், ஐந்து பேர், குறைந்தது நான்கு பெட்டி. விமானத்தில் போனால் நகரத்திலிருந்து விமான நிலையம், லக்கேஜ் வரிசை, பாதுகாப்புச் சோதனை என்று இன்னும் இழுக்கும். எப்படிப் போனாலும் அன்று பார்ப்பதற்கு மாலை மட்டுமே மிச்சம். அந்த நாளுக்கும் சேர்த்துத்தான் ஹோட்டலுக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

அதனால் 7 இரவு, அதற்குக் கீழே என்றால் ஒரே நாடுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உங்களிடம் 10 இரவு இருக்கிறது. ஒரே ஒரு இடமாற்றத்தைத் தாராளமாகத் தாங்கும். பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தின் லூட்சேர்ன் நகரில் 6 இரவு. சுவிட்சர்லாந்துக்குள் வேறு ஹோட்டலுக்கு மாறவே வேண்டாம்.

விமான டிக்கெட்டைப் பாரிஸில் இறங்கி சூரிச்சிலிருந்து திரும்புகிற மாதிரி போடுங்கள். விமான நிறுவனங்களின் தளத்தில் 'மல்டி சிட்டி' என்று இருக்கும். பாரிஸ் போய்ப் பாரிஸிலிருந்தே திரும்பும் டிக்கெட் சில ஆயிரம் மலிவாகத் தெரியலாம். ஆனால் கடைசியில் மறுபடி பாரிஸுக்கு வர ஐந்து ரயில் டிக்கெட்டும் ஒரு இரவுத் தங்கலும் ஆகும், அதையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து சுவிஸ் எல்லை நகரமான பாசல் வரை அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம், அங்கே மாறி லூட்சேர்னுக்கு இன்னும் ஒரு மணி நேரம். இந்த அதிவேக ரயில் டிக்கெட் விமான டிக்கெட் மாதிரி, தேதி நெருங்க நெருங்க விலை ஏறும். விற்பனை திறந்ததும் வாங்கிவிடுங்கள்.

லூட்சேர்னை ஏன் சொல்கிறேன் என்றால், சூரிச்சும் பெர்னும் அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம், இன்டர்லாகன் இரண்டு மணி நேரம். காலை போய் மாலை அதே அறைக்கு வந்துவிடலாம். ஒரு நாள் அம்மாவுக்கு முடியவில்லையா, ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கட்டும், மற்றவர்கள் போய் வரலாம்.

சுவிட்சர்லாந்தில் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக சுவிஸ் டிராவல் பாஸ் இருக்கிறது, 3, 4, 6, 8, 15 நாள் அளவுகளில் வருகிறது. வந்திறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டையும் சேர்த்தால் உங்களுக்கு 7 நாள் ஆகிறது. அதற்காக 8 நாள் பாஸ் வாங்கவேண்டியதில்லை. வந்த நாளிலிருந்து 6 நாள் பாஸ், கடைசி நாள் விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட். பிள்ளைகளுக்குப் பாஸ் வாங்காதீர்கள். 6 முதல் 15 வயது வரை, பெற்றோர் பாஸ் வைத்திருந்தால் பிள்ளைகள் அவர்களோடு சும்மா பயணிக்க சுவிஸ் ஃபேமிலி கார்டு இலவசம். பாஸ் வாங்கும்போதே கேட்டுப் பெறவேண்டும்.

யுங்ஃபிராயோக் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ரயிலிலேயே போகக்கூடிய பனிமலை இடம், 3454 மீட்டர் உயரம். பாஸ் இருந்தாலும் மேல்பகுதிக்குத் தள்ளுபடி மட்டுமே. தள்ளுபடி இல்லாமல் இன்டர்லாகனிலிருந்து போய்வரத் தலைக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். இரத்த அழுத்தமோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அம்மாவை அழைத்துப் போகவேண்டாம். மேகம் மூடினால் அவ்வளவு பணமும் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான், அன்று காலை மலைக் கேமராவைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். இதற்குப் பதில் ரிகி மலையை முதலில் வையுங்கள். லூட்சேர்ன் படித்துறையில் படகு ஏறி ஃபிட்ஸ்னாவ், அங்கிருந்து 1871 முதல் ஓடும் பற்சக்கர ரயிலில் உச்சிக்கு அருகிலேயே இறங்கலாம். படகு, ரயில் இரண்டும் பாஸில் அடக்கம். பனிதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் டிட்லிஸ் மலை பக்கத்திலேயே இருக்கிறது, பாஸ் இருந்தால் டிக்கெட் பாதி விலை.

பாரிஸில் மகனோடு ஒரு சின்ன ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், செவ்வாய் விடுமுறை. வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டு மட்டும்தான், லிஃப்ட் கிடையாது. அம்மாவோடு போகும்போது பஸ்ஸே நல்லது, ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

கேள்வி: இதே பயணத்துக்கு விசாவை எந்த நாட்டிடம் கேட்பது? பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது, அங்கேயே போட்டுவிடலாம் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: கூடாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. 6 இரவு சுவிட்சர்லாந்தில் என்பதால், பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்கே. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்கு ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். விசா கிடைக்கும் வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகவே போடுங்கள், 'பணம் திரும்பாது' என்கிற மலிவு அறை அப்போது வேண்டாம்.

கேள்வி: அவ்வளவு தூரம் போகிறோம், லண்டனையும் சேர்த்தால்?

பதில்: இந்த முறை விடுங்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, தனி விசா, தனிக் கட்டணம், மறுபடி கைரேகை. நடுவில் லண்டன் போய்ப் பாரிஸ் திரும்புவதாக இருந்தால் ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையும் விசாவாக இருக்கவேண்டும், ஒருமுறை விசா கையில் இருந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: இரண்டு ஊரிலும் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். ஐந்து பேருக்கு ஹோட்டலில் எப்படியும் இரண்டு அறை ஆகும், அந்த விலைக்கு வீடே கிடைக்கலாம். பாரிஸில் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பல் பகுதி முழுக்க ஈழத்தமிழர் கடைகள். இட்லி, தோசையிலிருந்து மளிகைச் சாமான் வரை அங்கேயே வாங்கலாம். சுவிட்சர்லாந்தில் மீக்ரோ, கோப் கடைகளில் அரிசி, தயிர், காய்கறி கிடைக்கும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.