‘ஓட்டிக்குவேன்’ என்கிறார் அப்பா... நம்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் வீல்சேரில் போய்வருகிறார். கடைத்தெருவுக்கும் தனியாகப் போவேன் என்கிறார். விடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகம் உருவாக்கிய வீல்சேர் திறன் தேர்வின் அடிப்படையே அதுதான். வீட்டில் இப்படிச் செய்யலாம்: சரியாகச் செய்தால் 2, திணறினால் 1, முடியாவிட்டால் 0.

முதலில் நாற்காலியைப் பாருங்கள். அவர் வலது கையாலும் வலது காலாலும்தான் ஓட்ட வேண்டும். அதனால் வலப்பக்கக் கால்தாங்கியைக் கழற்றிவிடுங்கள். உட்கார்ந்தபடியே குதிகால் தரையில் படவேண்டும். தடித்த மெத்தை போட்டால் கால் எட்டாது, எட்டவைக்க முன்னால் சறுக்கிச் சறுக்கி உட்காருவார். ‘திறமைக் குறைவு’ என்று தோன்றுவது சில சமயம் இந்த உயரத்தால் வருவதுதான்.

பிறகு 10 மீட்டர் நேராக ஓட்டுவது, நின்ற இடத்திலேயே இருபுறமும் திரும்புவது, கதவு நிலைக்குள் நுழைவது, 2 செ.மீ. உயரத் தடையைத் தாண்டுவது, 12 அடிக்கு 1 அடி உயரும் சாய்தளம். ஒற்றைக் கையால் முன்சக்கரத்தைத் தூக்க வராது; தடையையும் ஏற்றத்தையும் காலால் உந்திப் பின்பக்கமாகக் கடப்பதே அவருக்கு எளிது. முதுகுப்புறக் கைப்பிடியை ஒட்டியே ஒருவர் நிற்கட்டும்.

கதவில் ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே இடிக்கிறதா? அது கைப்பழக்கக் குறையல்ல. இடது கை, கால் விழுந்த சிலருக்கு மூளை இடப்பக்கத்தையே கவனிக்காது. கவனிக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. மனசாரத்தான் ‘முடியும்’ என்பார்கள். அப்படியானால் தெருவுக்குத் தனியாக வேண்டாம். மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்). வீல்சேரில் சாய்தளம் ஏறத் தெரியும், ஆனால் பயம்.
– வாசகர், மதுரை

பதில்: திறனும் தைரியமும் தனித்தனி. தைரியத்தை அளக்கவே ‘வீல்கான்’ என்ற கேள்விப்பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 100 வரை நீங்களே எண் சொல்ல வேண்டும். செய்து பார்ப்பதற்கு முன்பே எண்ணை எழுதிவிடுங்கள், பிறகு செய்து பார்த்து, மேலே சொன்ன 2, 1, 0 திறன் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். திறன் 2, நம்பிக்கை 30 என்று வரும் வேலைகளைத் துணையோடு பழகுங்கள். நம்பிக்கை 90, திறன் 0 என்றால் அதுதான் ஆபத்து. உங்கள் நோய்க்கு வெயிலும் களைப்பும் ஆகாது. காலையில் ஏறிய சாய்தளம் மாலையில் மலையாகலாம். இரண்டு வேளையும் சோதித்து, குறைந்த எண்ணையே கணக்கில் வையுங்கள்.