லேசர் செய்த முகம் ஏன் இழுக்கிறது?

கேள்வி: வயது 27, கிளிநொச்சி. பருத் தழும்புக்காகக் கொழும்பில் முகத்துக்கு ஃபிராக்ஷனல் சீஓ2 லேசர் செய்து இன்று நாலாம் நாள். முகம் இழுத்துப் பிடிக்கிறது, கழுவினால் எரிகிறது, சிறு பொருக்குகளாய்ச் சொரசொரக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்தும் காய்ச்சல் பிடித்த மாதிரி உலர்ந்தே கிடக்கிறது. அம்மா மஞ்சளும் கற்றாழையும் பூசச் சொல்கிறா. பூசலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. நீங்கள் சொல்லும் எரிவும் பொருக்கும் நாலாம் நாளில் வழமையாக இருப்பவைதான். ஆனால் இப்போது முகத்தில் எதைப் பூசினாலும் அது உள்ளே இறங்கும்.

தோலின் மேற்படை ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர் தடிப்புத்தான். இறந்த கலங்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, இடையில் செரமைட், கொலஸ்திரோல், கொழுப்பமிலம் சேர்ந்த சாந்து. உடம்பின் ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பது அந்தச் சாந்துதான். சீஓ2 லேசரின் 10,600 நனோமீற்றர் கதிரைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். அதனால் கலங்களில் உள்ள நீர் கொதித்து ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உண்டாகித் தழும்பு நிரம்புவதும் இந்தக் காயத்தால்தான், ஈரம் வெளியேறுவதும் இதே துளைகளால்தான். குடிக்கிற தண்ணீர் அவற்றை அடைக்காது. வறண்ட கச்சான் காற்று வீசுகிற நாளென்றால் இன்னும் வேகமாக உலரும்.

அதனால் மூடி வைக்க வேண்டும். வாசனையில்லாத வெறும் வாசலினை மெல்லிசாக, காயக் காய, ஒரு நாளில் நாலைந்து தரம் பூசுங்கள். சவர்க்காரம் வேண்டாம். வன்னியில் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது, கொதிக்க வைத்து ஆற்றிக் கழுவுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பொருக்கைக் கையால் உரிக்கவே கூடாது. ஒரு வாரமளவில் அது தானாக விழும், பிறகு செரமைட் கிறீமுக்கு மாறலாம்.

எனக்குப் பெரிய கவலை வெயில். எங்கள் மாநிறத் தோலில் லேசருக்குப் பிறகு வெயில் பட்டால் கருமை படிந்து மாதக்கணக்கில் நிற்கும். பொருக்கு விழும் வரை குடையும் அகலத் தொப்பியும், அதன் பிறகு எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட, சிங்க் ஒக்சைட் உள்ள சன்ஸ்கிறீன், மூன்று மாதமாவது.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: முன்பு கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீம் பூசினீர்களா? ஸ்டீரொயிட் கலந்த கிறீம் தோலை மெலிய வைக்கும், ஆறுவதும் தாமதமாகும். லேசர் செய்த வைத்தியரிடம் அவசியம் சொல்லுங்கள். ரெட்டினோல் கலந்த கிறீம் பூசி வந்தாலும் இப்போது நிறுத்துங்கள்.

வலி குறையாமல் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், அல்லது வாயோரம் கூட்டமாகக் கொப்புளம் எழும்பினால், கொழும்புக்குப் போகும் நாளைப் பார்த்திருக்காமல் அன்றைக்கே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கொப்புளம் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம், அதற்கு மாத்திரை உண்டு.

அடுத்த தவணையைக் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ள முடியுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். மழைக்காலக் காற்றில் ஈரம் உண்டு, வெயிலும் தணிந்திருக்கும்.