இழுக்க முடிகிறது, விட முடியவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. நாற்பது வருடம் விறகு அடுப்பில் சமைத்தவர். இப்போது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்போதெல்லாம் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்கிறார் டாக்டர். காற்று போதாமல் தவிப்பவரை, இருக்கிற காற்றையும் வெளியே விடச் சொல்வது எப்படிச் சரி? நாங்கள் 'நல்லா இழும்மா' என்றுதான் சொல்லி வருகிறோம்.

பதில்: அந்த 'நல்லா இழும்மா'வை இன்றோடு விட்டுவிடுங்கள். அம்மாவின் நெஞ்சுக்குள் காற்று குறைவாக இல்லை, அதிகமாக இருக்கிறது. பழைய காற்று வெளியேறாமல் தேங்கியிருப்பதால் புதுக்காற்றுக்கு இடமில்லை. டவுன் பஸ்ஸில் உள்ளே இருப்பவர்கள் இறங்கினால்தானே கீழே நிற்பவர்கள் ஏற முடியும்?

நல்ல நுரையீரலில் இழுப்பதுதான் வேலை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போலக் கவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்கும், நெஞ்சுக்கூடு விரியும், உள்ளே அழுத்தம் துளி குறையும், காற்று வந்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி. விடுவதற்குத் தனியாக உழைக்க வேண்டாம். இழுபட்ட ரப்பர் போல நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும்.

சிக்கல் சின்னக் குழாய்களில். மூச்சுக்குழல் கிளை பிரிந்து பிரிந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களாகிறது. அவற்றில் குருத்தெலும்பு கிடையாது. சுற்றியுள்ள நுரையீரல் திசுதான் நாலா பக்கமும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கிறது. வருடக்கணக்கான புகை அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிடும், குழாயின் உட்சுவரையும் வீங்க வைக்கும். குழாய் பாதியாகக் குறுகினால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, கிட்டத்தட்ட 16 மடங்காகிறது! மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிவதால் குழாய்களும் கொஞ்சம் திறந்துகொள்கின்றன. விடும்போதுதான் மடங்கிப் போகின்றன, நனைந்த காகித ஸ்ட்ரா மாதிரி.

பலத்தைக் கூட்டி வேகமாக ஊதித் தள்ளினால்? நெஞ்சின் அழுத்தம் அந்தத் தளர்ந்த குழாய்களையே நசுக்கும். எவ்வளவு முக்கினாலும் காற்று கூடுதலாக வராது, களைப்புதான் மிச்சம்.

உதட்டைக் குவித்தால் வாசலில் ஒரு சின்னத் தடை உண்டாகிறது. அதனால் குழாய்களுக்குள் கொஞ்சம் அழுத்தம் நின்று, அவை மடங்காமல் காக்கிறது. மூச்சின் வேகமும் குறைகிறது. ஊதாங்குழல் பிடித்த வாய்க்கு இந்தக் குவிப்பைச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் அடுப்பு ஊதும் வேகம் கூடாது. எதிரே மெழுகுவத்தி இருந்தால் சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, நாலு எண்ணும் வரை விடட்டும். படி ஏறும்போது நின்று இழுத்து, விட்டுக்கொண்டே ஏறச் சொல்லுங்கள். மூச்சு வாங்கும்போதே கற்றுக்கொள்வது கஷ்டம். சும்மா இருக்கும்போது பழகட்டும்.

இது இன்ஹேலருக்கு மாற்று அல்ல. இன்ஹேலர் மருந்து குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது, அந்த வேலையை உதடு செய்யாது. அழுத்தி அடிக்கும் வகை இன்ஹேலர் என்றால் ஸ்பேசர் (அதன் வாயில் மாட்டும் குடுவை) வைத்து எடுக்கிறாரா என்று பாருங்கள். நிறையப் பேருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, வழக்கத்துக்கு மாறாக அசந்து தூங்குகிறார் என்றால் ஊதிப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்ஸிஜன் மெஷின் இருக்கிறது. பக்கத்து வீட்டில் வாங்கி வந்து நீங்களாக வைத்துவிடாதீர்கள். இந்த நோய் முற்றியவர்களில் சிலருக்கு ஆக்ஸிஜன் அளவு மீறினால் கரியமில வாயு ரத்தத்தில் ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். எவ்வளவு வைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. சமையல் கேஸுக்கு மாறிய வீடுகளிலும் கொல்லையில் வெந்நீர் அடுப்பு மட்டும் புகைந்துகொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால், அதை இனி அம்மா பற்ற வைக்க வேண்டாம்.