பஸ் ஆப் கிடக்கட்டும், அறை பிடிப்பதில் கவனமாக இருங்கள்

தம்பி, அடுத்த மாதம் சிங்கப்பூரில் வேலைக்குச் சேரப் போகிறேன், போனில் என்னென்ன ஆப் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ் நேரத்துக்கு மைடிரான்ஸ்போர்ட், டாக்சிக்கு கிராப். மழை, புகைமூட்டம், எந்தப் பேட்டையில் டெங்கு என்பதற்கெல்லாம் மைஇஎன்வி. இரண்டே நாளில் பழகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் கார்டைத் தட்டுங்கள், மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு பிடித்துவிடும்.

அறை தேடும் ஆப்களில்தான் பயமே. படம் அழகாக இருக்கும், எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே என்பார்கள், வாடகை மட்டும் அந்தப் பேட்டைக்கு ஒட்டாமல் குறைவாக இருக்கும். "நிறையப் பேர் கேட்கிறார்கள், முன்பணம் அனுப்பினால் உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன்" என்று அவசரப்படுத்துவார்கள். அறையைப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம்) அனுப்பாதீர்கள். ஏஜென்ட் என்றால் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடி, அங்கே இருக்கும் போன் எண்ணும் உங்களிடம் பேசியவர் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அசல் ஏஜென்ட் பெயரிலேயே ஏமாற்றுகிறார்கள். வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், ஆறு மாதத்துக்குக் குறைவாக அறை வாடகைக்கு விடக்கூடாது. ஒரு மாதத்துக்குத் தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799க்குப் போன் போடுங்கள், மோசடி அழைப்பைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு ஆப்பையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சிங்பாஸ், அரசாங்கம் தரும் இணைய அடையாளக் கணக்கு. வங்கி, வரி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. பத்து வருஷமாக இங்கே இருக்கும் நம்மவர்களிலேயே சிலர் போனை அறை நண்பனிடம் நீட்டி, "நீயே போட்டுவிடு" என்கிறார்கள். பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். தட்டுத் தடுமாறியாவது நீங்களே செய்து பழகுங்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

நான் வந்தது 2009இல். இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஊரிலிருந்தே 400 வெள்ளி அனுப்பிவிட்டு வந்தேன். தோ பாயோவில் ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்த சீனப் பாட்டி நான் நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முகவரி அவர் வீட்டுடையதுதான், வாடகைக்கு அறைதான் இல்லை. கீழே வந்து, சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் பெட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார், கையில் ஒரு மைலோ பாக்கெட். நம்மவர்கள் நிறைந்த தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போகிற பஸ் எண்ணை அந்தப் பையன் என் காகிதத்தின் பின்னால் எழுதினான். கையை நீட்டாவிட்டால் பஸ் நிற்காது என்று நீட்டியே காட்டினான்.

நீங்கள் பார்த்து வைக்கும் அறையின் முகவரியை எனக்கு அனுப்புங்கள் தம்பி. வேலை முடிந்து நானே போய்க் கதவைத் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.